லாயத்துக்குள் கான்கிரீட் லாரியை விடாதீர்கள்

பெறுநர்: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேற்குச் சமவெளியின் பழைய ஆட்டுப்பண்ணைகளை வைத்திருக்கும் குடும்பங்கள், அறக்கட்டளைகள், அவற்றுக்கு அனுமதி தரும் ஷயர் (உள்ளாட்சி) அலுவலகங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பண்ணை மாளிகைக்குக் கிடைக்கிற கவனம் அதன் பின்னால் நிற்கும் குதிரை லாயத்துக்குக் கிடைப்பதில்லை. ஐம்பது அறுபது வருடம் அது உரமூட்டையும் உடைந்த கலப்பையும் போட்டுவைக்கும் இடமாக இருக்கும். பிறகு ஒருநாள் யாருக்கோ கல்யாண மண்டபம் அல்லது தங்கும் விடுதி யோசனை வரும். முதல் வேலையாகத் தரையைச் ‘சமன் செய்ய’ கான்கிரீட் லாரி உள்ளே வரும். கட்டடத்தின் உண்மையான கேடு அன்றுதான் தொடங்குகிறது. கல், சுண்ணாம்பு, மரம், தகரம் ஆகியவற்றோடு வேலை செய்கிறவர்கள் நாங்கள். உங்களிடம் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: முதல் ஒரு வருடம் தண்ணீரை மட்டும் பாருங்கள். லாயத்துக்குள் சிமென்ட் போகவே கூடாது.

இந்த லாயங்கள் எதற்கு இவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1830களின் பிற்பாதியிலிருந்து வடவுரங், குண்டிச்மாரா முதலிய மக்களின் நிலத்தில் ஆட்டு மந்தைகளோடு குடியேறியவர்கள், கம்பளிப் பணம் சேர்ந்த பிறகு, காலடியிலேயே கிடைத்த எரிமலைக் கல்லால் கட்டினார்கள். அந்தப் பசால்ட்டை அங்கே ‘ப்ளூஸ்டோன்’ என்பார்கள். வின்செல்சி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பார்வன் பார்க் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 1859-ல் இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து விட்ட தாமஸ் ஆஸ்டினின் பண்ணை அது. 1871-ல் முடிந்த மாளிகைதான் படங்களில் வரும். ப்ளூஸ்டோன் லாயம் அதற்குப் பின்னால் நிற்கிறது. எல்லை வேலியைச் சுற்றிவரும் ஆளுக்குக் குதிரை, மந்தை ஓட்டக் குதிரை, பாரவண்டிக்குக் கனத்த குதிரை, முதலாளியின் கோச்சு வண்டிக்கு ஜோடிக் குதிரை என்று ஒரு பண்ணை முழுவதும் குதிரையின் முதுகில்தான் ஓடியது. ஆஸ்திரேலியாவில் வளர்த்த குதிரைகள் கப்பலேறி மெட்ராஸ் வரை போயின. ‘வேலர்’ என்ற பெயரே இந்தியாவிலிருந்த ஆங்கிலப் பட்டாளம் வைத்ததுதான்: நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தது வேலர். முதல் உலகப்போருக்குப் பிறகு டிராக்டரும் வந்தது, படைவீரர் குடியேற்றத்துக்காகப் பண்ணைகளும் துண்டாயின. பெரிய லாயம் சின்ன நிலத்தோடு தங்கிவிட்டது.

ஒரே ஒரு கொட்டடியை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அகலம் ஏறத்தாழ 6 அடி, நீளம் 9 அடி. தலைமாட்டில் சுவரை ஒட்டித் தீவனத் தொட்டி. அதற்கு மேலே பரணிலிருந்து உலர்புல்லைத் தள்ளிவிடும் திறப்பு. தொட்டியின் விளிம்புப் பலகை நடுவில் பிறைபோலக் குழிந்திருக்கும். சும்மா நின்ற குதிரை பல்லால் கவ்விக் கவ்வித் தேய்த்த இடம் அது. முன்பக்கம் ஒரு இரும்பு வளையம். கட்டுக்கயிறு அதன் வழியே ஓடி, முனையில் ஒரு மரக்குண்டு தொங்கும். குதிரை தலையை முன்னே கொண்டுவந்தாலும் கயிறு தொய்ந்து காலில் சிக்காமல் அந்தக் குண்டு இழுத்துப் பிடிக்கும். பக்கத் தடுப்பு தலைமாட்டில் உயரமாகத் தொடங்கி, பின்னால் வளைந்து இறங்கும். பக்கத்துக் குதிரையை எட்டிக் கடிக்காமலிருக்க அந்த உயரம். பின்முனையில் கனத்த கம்பம். தரையில் கையகலக் கற்கள் அல்லது குத்துக்கல்லாக வைத்த செங்கல். தலையிலிருந்து பின்னால் ஓடும் காலுவாய் வரை ஒன்றரை முதல் 2 அங்குல வாட்டம். கண்ணுக்குத் தெரியாத இந்த வாட்டம்தான் லாயத்தின் உயிர். அதைத்தான் முதலில் மூடுகிறார்கள்.

கல்தரைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் ஆயிரக்கணக்கான இடுக்குகளின் வழியே காற்றில் போய்விடும். அதன் மேல் பிளாஸ்டிக் விரித்துக் கான்கிரீட் ஊற்றினால் ஈரத்துக்கு வெளியேற இடமில்லை. பக்கவாட்டில் நகர்ந்து சுவரின் அடியில் ஏறும். இரண்டு மூன்று குளிர்காலம் கழித்து முழங்கால் உயரத்தில் ஒரு கறைக்கோடு தெரியும், பிறகு உப்புப் பூக்கும், பிறகு சாந்து மணலாகக் கொட்டும். கொட்டடிக் கம்பங்களின் அடி கான்கிரீட்டில் புதைந்துவிட்டால் கெட்டியான ரெட் கம் (ஒரு வகை யூகலிப்டஸ்) மரமாக இருந்தாலும் உளுத்துப்போகும். தப்பு தெரிந்து கான்கிரீட்டைப் பெயர்க்கலாம் என்றால், அந்தத் துளைக்கருவியின் அதிர்வில் சுவரின் உள்கூடு குலையும். ஊற்ற அரைநாள் போதும், எடுக்க வழியே இல்லை.

சமதரை கட்டாயம் வேண்டுமென்றால் கல்தரையின் மேல் பிரித்தெடுக்கக்கூடிய மரத்தரை போடுங்கள். கற்களில் துளையிடாமல், ரப்பர் அல்லது மரக்கட்டைகளின் மேல் சட்டங்களை வையுங்கள். பலகையை ஒட்டாமல் திருகாணியால் பூட்டுங்கள். சுவரோரம் நான்கு பக்கமும் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். காலுவாய்க்கு மேலே திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி இருக்கட்டும். சக்கரநாற்காலிக்கான சரிவுப்பாதையும் இதேபோல எடுக்கக்கூடியதாக இருக்கலாம். இரண்டு மூன்று கொட்டடிகளை மட்டும் எதுவும் போடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

கற்கள் அமுங்கிய இடங்களைத் திரும்ப அடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் தரையை ஒரு மீட்டர் கட்டங்களாகச் சாக்பீஸால் கோடுபோட்டுப் படமெடுங்கள், ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுங்கள், நூல்கட்டி இருக்கிற வாட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். 30 முதல் 50 மில்லிமீட்டர் மணலைக் கெட்டித்து, அதே கல்லை அதே இடத்தில், அதே முகம் மேலே வருமாறு வையுங்கள். தட்டையாக இருக்கிறதே என்று அடிமுகத்தை மேலே திருப்பிவைக்கும் வேலையாட்கள் உண்டு. தரை அழகாகத்தான் இருக்கும். அறுபது எழுபது வருடம் லாடம் தேய்த்த தடம் மண்ணுக்குள் போய்விடும்.

இனி தண்ணீர். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 30 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள லாயத்தின் கூரை 240 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர். நான்கு இறக்குக்குழாய்களில் ஒன்று அடைத்திருந்தால் 1,500 லிட்டர் சுவரின் ஒரே மூலையில் கொட்டுகிறது. சுவர் நனைவதற்கு நிபுணர் அறிக்கை வாங்குமுன் குழாயை அடைத்த இலையை அள்ளி வெளியே போட்டுப் பாருங்கள். பெருமழையில் குடையோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் மண்ணுக்குள் போய் வெளியே வரவேயில்லை என்பதைப் பாருங்கள். தரைக்கடியில் போட்ட பழைய சுட்டமண் குழாய்களில் வேர் புகுந்து உடைந்திருக்கும். கண்ணுக்குக் குழாய் சரி, தண்ணீர் போவதோ அஸ்திவாரத்துக்கு. இறக்குக்குழாயின் தண்ணீர் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போய்விழ வேண்டும்.

அடுத்தது வெளித்தரை. சாணமும் உமியும் மண்ணும் நூற்றைம்பது வருடம் சேர்ந்து, பல இடங்களில் வெளித்தரை உள்தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கும். அதை உள்தரைக்குக் கீழே 150 மில்லிமீட்டராவது இறக்கி, சுவரைவிட்டு விலகி ஓடுமாறு வாட்டம் கொடுங்கள். ஆனால் ஆழமற்ற அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தாண்டித் தோண்டாதீர்கள். மண்ணை அள்ளுமுன் மரபுச் சட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். 75 வருடத்துக்கு மேற்பட்ட தொல்லியல் எச்சங்களுக்கு விக்டோரியாவில் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதற்குடி மக்களின் மரபுச் சின்னங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. சுவரை ஒட்டிச் சிமென்ட் நடைபாதை போடுவதும் உள்ளே கான்கிரீட் ஊற்றுவதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

சுவரில் வெடிப்பைக் கண்டதும் அடிக்கட்டு பலப்படுத்தும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுகிறீர்கள். இந்தச் சமவெளியின் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெடிப்பும் அதோடு மூடித் திறக்கும். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு திருகாணி பதித்து, இடைத்தூரத்தைக் காலிப்பரால் மாதம் ஒருமுறை, ஒரு முழு வருடம் அளந்து எழுதுங்கள். கோடையில் விரிந்து குளிர்காலத்தில் மூடினால் அது மண்ணின் மூச்சு. ஒரே திசையில் விரிந்துகொண்டே போனால்தான் பொறியாளர் வேலை. காற்றுத் தடுப்புக்காக வைத்த சைப்ரஸ் மரங்கள் சுவரோரம் நின்றால் அவையும் மண்ணை உறிஞ்சும். அதற்காக ஒரே நாளில் அத்தனையையும் வெட்டினால், காய்ந்த களிமண் திரும்ப ஈரமேறி சுவரைத் தூக்கும். வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள்.

சாந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு நடக்கும் கெடுதல் இங்கேதான் அதிகம். சுவர் உள்ளும் புறமும் இரண்டு கல்முகம், நடுவில் உடைகல்லும் சாந்தும். ப்ளூஸ்டோன் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. ஆகவே சுவருக்குள் போன ஈரம் வெளியே வர இருக்கும் ஒரே வழி சுண்ணாம்புச் சாந்து இணைப்புகள். அந்த வாயைச் சிமென்ட்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உள்கூட்டின் சாந்தை மணலாக்கும். வெளியே கறுப்புக் கோடுபோட்டு அழகாக நிற்கும் சிமென்ட்டைத் தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும், பின்னால் வெற்றிடம். கடையில் மூட்டையில் கிடைக்கும் சுண்ணாம்பைச் சிமென்ட்டோடு கலந்து ‘சுண்ணாம்புச் சாந்து’ என்று சொல்லி ஒப்பந்தம் கேட்கிறார்கள். சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 கலவையானாலும் இந்தச் சுவருக்கு அது கெட்டிதான்.

முதலில் பழைய சாந்தில் ஒரு கைப்பிடி எடுத்து அமிலத்தில் கரைத்து, மிச்சமிருக்கும் மணலின் நிறத்தையும் பருமனையும் பாருங்கள். அதற்கு இணையான கரடு மணல் தேடுங்கள். நன்றாகக் கழுவிய, பெரியதும் சிறியதும் கலந்த மணலாக இருக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம். மூன்று நான்கு மாதமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரை முதல் 3 பங்கு. மழையடிக்கும் தென்மேற்கு முகத்துக்கு இயற்கை நீர்மச் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டே இறுகுவது), 2 அல்லது 3.5 வகை. கெட்டி அதிகமுள்ள 5 வகையை ‘பலமாக இருக்கட்டுமே’ என்று வாங்காதீர்கள்.

இணைப்பைக் கையுளியால் சுரண்டி எடுங்கள். அகலத்தைப்போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர். அறுக்கும் சக்கரம் உதவாது. அது கல்லின் ஓரத்தைத் தின்று எல்லா இணைப்பையும் ஒரே அகலமாக்கிவிடும். தூசியை ஊதி, தண்ணீர் தெளித்து, தண்ணீர் உள்ளிழுத்தபின் சாந்தை வையுங்கள். கல் நீரை உறிஞ்சாததால் சாந்து இளகலாக இருந்தால் வழிந்து கல்முகத்தில் வெள்ளையாகப் பூசிக்கொள்ளும். பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம் வேண்டும். ஒரு தடவைக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் அடைக்கக் கூடாது. பெரிய இடுக்கில் பழைய கல்சில்லுகளையே திரும்பச் செருகுங்கள். சாந்து விரல்நகம் பதியாத அளவு இறுகியதும் கெட்டி மயிர்த்தூரிகையால் குத்திக் கொடுங்கள். மேற்படலம் உடைந்து மணல் தெரியும், காற்றும் உள்ளே போகும். கரணையால் வழவழவென்று தேய்த்தால் அந்தப் படலம் கதவாகிவிடும்.

பிறகு ஈரச் சாக்குப் படுதா. ஒரு வாரம் குறைந்த அளவு, காற்றும் வெயிலுமாக இருந்தால் இரண்டு மூன்று வாரம். 5 டிகிரிக்குக் கீழும் 30 டிகிரிக்கு மேலும் இந்த வேலை கூடாது. ஆகவே மார்ச் முதல் மே, அல்லது செப்டம்பர் முடிந்து நவம்பர் வரை. கோடை விடுமுறையில் கல்யாணம் வைத்துக்கொண்டு, அங்கே கோடை தொடங்கும் டிசம்பரில் சாந்து பூசச் சொல்கிறவர்களிடம் நாங்கள் சொல்வது: மண்டபத்தை மாற்றுங்கள், மாதத்தை மாற்ற முடியாது.

லாயத்துக்கென்றே ஒரு தனி நோய் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குதிரை மூத்திரம் ஊறிய சுவரடியில் நைட்ரேட் உப்பு நிறைந்திருக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். அதனால் கூரையும் காலுவாயும் சரியான பிறகும் சுவர் நனைந்தே தெரியும். அதைப் பார்த்து ‘கீழிருந்து ஓதம் ஏறுகிறது’ என்று சொல்லி இரசாயன ஊசி போடுவது பணவிரயம். முதலில் நைட்ரேட் சோதனைத் தாளால் பாருங்கள். பூத்த உப்பை மென்மையான தூரிகையால் தண்ணீர் தொடாமல் உலர்வாகத் துடைத்து உறிஞ்சுகருவியில் எடுத்து வெளியே கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீர் பீய்ச்சினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உப்பு அதிகமாக இருந்தால் காகிதக்கூழும் களிமண்ணும் காய்ச்சிவடித்த தண்ணீரும் பிசைந்து ஒன்று இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, முழுக்கக் காய்ந்தபின் உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறை. அதன்பின் மெலிந்த சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பலிகொடுப்பதற்கென்றே பூசிவையுங்கள். உப்பு அதைத் தின்னட்டும், சில வருடத்தில் சுரண்டி வேறு பூசலாம். சிலிகான் தெளிப்பு, நீர்தடுப்பு பெயின்ட் இரண்டும் கூடவே கூடாது. உள்ளே சுண்ணாம்பு வெள்ளைதான் இருந்தது, அதுவே போதும்.

கூரைக்கு வருவோம். பல லாயங்களில் இப்போதைய நெளிதகரத்துக்கு அடியில் பழைய மர ஓடுகள் அப்படியே இருக்கும்; பிரிக்காதீர்கள். தகரத்தின் அடிப்பக்கத்தில் பிரிஸ்டல் நகரத்து லைசாட் ஆலையின் ‘ஆர்ப்’ முத்திரை இருந்தால் அந்தத் தகடு இங்கிலாந்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ஓட்டை விழுந்த தகடுகளை மட்டும் மாற்றி, நல்லவற்றை ஒரே சரிவில் சேர்த்துப் போடலாம். புதிதாக வாங்கினால் துத்தநாகப் பூச்சு மட்டும் உள்ளதாக வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 600 கிராம் பூச்சு உள்ளது கிடைக்கிறது. அலுமினியம் கலந்த பளபளப்புத் தகட்டை மேலே போட்டால், அதிலிருந்து வழியும் மழைநீர் கீழே இருக்கும் பழைய துத்தநாகத் தகட்டையும் கூரையோரக் காலுவாய்த் தகரத்தையும் சீக்கிரம் அரித்துவிடும். அந்தப் பளபளப்புத் தகடு ஈயத் தகட்டோடும் சேராது. முகட்டிலிருக்கும் காற்றுக்கூண்டை ‘பறவை வருகிறது’ என்று பலகை அடித்து மூடுகிறார்கள். அம்மோனியா வெளியேற வைத்தது அது. இன்று ஈரம் வெளியேறவும் அதுதான் வழி. உள்பக்கம் கம்பிவலை போதும்.

மர வேலையில் சொல்ல அதிகமில்லை. உளுத்த கம்பத்தின் அடியை மட்டும் வெட்டி, அதே மரத்தில் ஒட்டுப்போட்டு, துருப்பிடிக்காத ஆணி பூட்டுங்கள். கடித்த விளிம்பு, தோல்வார் உரசிய இடம், கரியால் எழுதிய குதிரைப் பெயர் இவற்றின் மேல் உப்புத்தாள் தேய்க்காதீர்கள். சேண அறையில் கணப்பு அடுப்பு இருந்தால் அது அலங்காரமில்லை; தோல் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க வைத்தது. பரணின் மேல் கூட்டத்தை ஏற்றுமுன் உத்திரம் தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். புல் வைக்க நினைத்தால் நன்றாகக் காய்ந்த புல்லாக இருக்கட்டும். ஈரப்புல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் உள்ளே வேலை தொடங்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம், ஒட்டுக்கூரைத் தகடுகளில் கல்நார் இருக்கலாம். 10 சதுர மீட்டருக்கு மேல் கல்நார் இருந்தால் உரிமம் பெற்றவர்தான் எடுக்க வேண்டும். ஆட்டை மருந்துத் தொட்டியில் முக்க ஆர்செனிக் புழங்கிய காலம் அது. மிச்சத்தை லாயத்தின் மூலையில் வைத்திருக்கலாம். மூலைமண்ணைச் சோதித்த பிறகே அள்ளுங்கள்.

ஷயர் அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா ஊரில் 1979-ல் ஏற்கப்பட்ட மரபிடப் பாதுகாப்புச் சாசனம் உங்கள் மேசையில் இருக்கிறது: தேவைப்படும் அளவுக்கு மட்டும், இயன்றவரை குறைவாக. ஆனால் படிவத்தில் ‘தரை: சமன் செய்யப்படும்’ என்ற ஒரு வரியை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எதனால் சமன் செய்யப்படும் என்று கேளுங்கள். பயன்மாற்ற விண்ணப்பத்தோடு ஒரு வருட வெடிப்பு அளவுக் குறிப்பும், மழைநாள் படங்களும், தரை வாட்டத்தின் வரைபடமும் இணைக்கச் சொல்லுங்கள். கழிப்பறையும் சமையலறையும் லாயத்துக்கு வெளியே தனிச் சிறு கட்டடமாக வரட்டும். அதற்குத் தாராளமாக அனுமதி கொடுங்கள். உள்ளே குழாய் இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல். கொட்டடித் தடுப்பைத் தவிர்க்க முடியாமல் பிரிக்க நேர்ந்தால், ஒவ்வொரு பலகைக்கும் உலோகச் சீட்டில் எண் அடித்து, தரையைத் தொடாமல் கட்டைமேல் அடுக்கி, அதே பரணில் வைப்பதை அனுமதியின் நிபந்தனையாக எழுதுங்கள். வெளியே கொண்டுபோன பலகை குளிர்காலத்தில் அடுப்புக்குள் போய்விடும்.

இப்படிக்கு,
பழைய கல்கட்டடங்களில் வேலை செய்யும் கொத்தர்கள், தச்சர்கள், கூரை வேலைக்காரர்கள்